விட்டுப்போன கால் பங்கு: கல்லூரி ஆசிரியர்கள் கூடி வாசிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாக உள்வாங்கினாலும் புலமையில் கால் பங்குதான் வந்து சேரும். உடன் பயில்பவர்களோடு சேர்ந்து படிக்கும்போது இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு விரித்து உரைக்கும்போது.

இந்தக் கணக்கை ஒரு கல்லூரி ஆசிரியரின் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். முனைவர் பட்டம் வரை படித்ததில் முதல் கால் முடிந்துவிட்டது. வாரம் 16 மணி நேரம் வகுப்பு எடுப்பதால் அரைப் பங்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் உள்ள கால், உடன் பயில்பவர்களோடு பயிலும் கால், வேலைக்குச் சேர்ந்த நாளோடு நின்றுபோகிறது. அதை மீட்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறோம். வழிகாட்டி செட்டிநாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி, பள்ளத்தூர் என்று ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்துக்குள் உள்ள ஆசிரியர்கள் ஒரு பருவத்துக்குள் நடத்தி முடிக்கலாம்.

இந்த மண்ணுக்குக் கூடிப் படிப்பது புதிதல்ல. மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை 1909இல் தொடங்கியது. காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917இல் வந்தது. சா. கணேசன் கம்பன் கழகத்தை 1939இல் நிறுவினார். 1947இல் அழகப்பர் கலைக்கல்லூரி, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் என்று வரிசையாக வந்தபின், கம்பனை வரிவரியாக விளக்கத் தெரிந்தவரும் இரும்பு ஏன் அரிக்கிறது என்று ஆராய்பவரும் ஒரே சாலையில் தினமும் கடந்துபோகிறார்கள். ஆனால் ஒரே பக்கத்தைச் சேர்ந்து வாசிப்பதில்லை.

முதலில் தெளிய வேண்டியது

கற்பித்தல் கொள்கை என்றதும் பதவி உயர்வுப் படிவத்தில் எழுதும் ஒரு பத்தி நினைவுக்கு வரும். "மாணவரை மையமாகக் கொண்டு கற்பிக்கிறேன்" என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். கிறிஸ் ஆர்ஜிரிஸ், டொனால்டு ஷோன் என்ற இருவர் 1974இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். ஒருவர் தன் கொள்கை என்று சொல்வது ஒன்று, அவர் செயலிலிருந்து தெரியவரும் கொள்கை வேறொன்று. இரண்டும் விலகியிருப்பது அவருக்கே தெரிவதில்லை. மணி அடிக்க 5 நிமிடம் இருக்கிறது, பாடம் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது, ஒரு மாணவி கை தூக்குகிறாள். அந்த நொடியில் நீங்கள் எதை விடுகிறீர்களோ, அதில் இருப்பதுதான் உங்கள் கொள்கை.

இதைக் கற்பித்தல் பற்றிய நூல்களைத் தனியாக வாசித்து மாற்றிவிட முடியாது. தனியாக வாசிக்கும்போது ஏற்கெனவே நம்புவதை உறுதிசெய்யும் வரிகளில்தான் பென்சில் ஓடும். மாற்றம் வேறு இடத்தில் தொடங்குகிறது. 20 ஆண்டு அனுபவம் உள்ள பேராசிரியர் ஒருவர், சக ஆசிரியர்கள் முன்னால், ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு "இந்த மூன்றாவது வரி எனக்குப் புரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்கிறார். அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் மறந்து பல காலம் ஆகியிருக்கும். கீழே வரும் எல்லா ஏற்பாடும் அந்தத் தருணத்தைப் பாதுகாப்பாக உண்டாக்குவதற்குத்தான்.

ஆட்கள்

6 பேருக்குக் குறையக் கூடாது, 8 பேருக்கு மேல் கூடாது. ஐந்து பேர் என்றால், இருவர் விடுப்பு எடுத்த நாளில் மூவர் அரட்டை ஆகிவிடும். ஒன்பதைத் தாண்டினால் ஒருவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலே அரை மணி போய்விடும்.

குறைந்தது மூன்று துறைகள் இருக்கட்டும். எட்டுப் பேரும் வணிகவியல் துறை என்றால் யாருக்கும் எதுவும் புரியாமல் போகாது. அதனால் எதுவும் நடக்காது. தமிழ், வேதியியல், வணிகவியல், கணினி அறிவியல் என்று கலந்த குழு நல்லது. கௌரவ விரிவுரையாளர்களைக் கட்டாயம் சேருங்கள். முதலாண்டு வகுப்புகளை அதிகம் எடுப்பவர்கள் அவர்கள். மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் நேரடியாகத் தெரியும். குழுவுக்கென அவர்களிடம் பணம் வாங்காதீர்கள்.

துறைத்தலைவர் வரலாம், தலைமை தாங்கக் கூடாது. பேசும் வரிசையைப் பணிமூப்பின்படி தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாகச் சேர்ந்தவர் முதலில், மூத்தவர் கடைசியில். "சார்", "மேடம்", "ஐயா" என்ற விளிகளை மாற்றத் தேவையில்லை. அவை நாக்கில் ஊறியவை, மாற்றச் சொன்னால் பேச்சே நின்றுபோகும். வரிசையை மாற்றினால் போதும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்ற ஏழு பேரும் "ஐயா சொன்னதுபோல" என்றுதான் தொடங்குவார்கள்.

நான்கு பொறுப்புகள், ஒவ்வொரு அமர்வுக்கும் ஆள் மாறும். வாசிப்பவர், பக்கத்தை உரக்கப் படிப்பவர். கடிகாரக்காரர். குறிப்பெடுப்பவர், யார் சொன்னார் என்று எழுதாமல் என்ன சொல்லப்பட்டது என்று மட்டும் எழுதுபவர். நான்காமவர் காவலர்: பேச்சு பக்கத்தை விட்டு விலகும்போது "எந்த வரி?" என்று கேட்பது மட்டுமே அவர் வேலை. இந்த நான்காவது பொறுப்பைச் சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

நாளும் நேரமும்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 7 அமர்வு. 14 வாரத்தில் முடிவதால் 90 வேலைநாள் கொண்ட பருவத்துக்குள் அடங்கும். உள்மதிப்பீட்டுத் தேர்வு வாரங்களை முதலிலேயே நாட்காட்டியில் அடித்துவிடுங்கள். முகூர்த்த நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு திருமணத்துக்கு மூன்று பேர் போனால் அமர்வு கலைந்துவிடும். இரட்டைப் பருவம் என்றால் பங்குனியில் கம்பன் விழாவும் குன்றக்குடி உத்திரமும் அடுத்தடுத்து வரும். அந்த வாரத்தைத் தொடவே வேண்டாம்.

மாலை 4.15 முதல் 5.45 வரை. 90 நிமிடத்தின் பிரிப்பு இது: தேநீர் 10, பென்சிலோடு மௌன வாசிப்பு 12, உரக்க வாசிப்பு 8, தடைச்சுற்று (யார் எந்த வரியில் நின்றார் என்று சொல்லும் சுற்று) 24, திறந்த பேச்சு 20, வகுப்புக்கு எடுத்துப்போவது 12, குறிப்பைப் படித்துக் காட்டுவது 4. தேநீரை நடுவில் வைக்காதீர்கள். நடுவில் வைத்தால் பத்து நிமிடம் இருபதாகும், திரும்பி வரும்போது பேச்சு சம்பளக் கமிஷனுக்குப் போயிருக்கும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் ஒருவராவது இருப்பார், எனவே 5.45 என்றால் 5.45.

தேநீரோடு ஒரே ஒரு பண்டம், சுண்டலோ பிஸ்கட்டோ. செட்டிநாட்டு உபசாரம் இந்த விஷயத்தில் குழுவுக்குப் பாரமாகும். ஒருவர் வெள்ளைப் பணியாரம் கொண்டுவந்தால் அடுத்தவர் கந்தரப்பம் கொண்டுவர வேண்டியதாகிவிடும். முடியாதவர் வருவதை நிறுத்திவிடுவார்.

இடம்

மேடை உள்ள கருத்தரங்கக் கூடம் வேண்டாம், ஒலிவாங்கி வேண்டாம். நூலகத்தின் பக்க அறை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், நடுவில் மேசை இல்லாமல். யாராவது பழைய வீட்டைத் திறந்துவிட்டால் மிக நல்லது. ஆனால் வளவை, அதாவது முற்றம் உள்ள கட்டை, சுற்றி நான்கு பக்கமும் உட்காராதீர்கள். முற்றத்தைத் தாண்டிக் குரல் போகாது, தூண்கள் முகத்தை மறைக்கும். ஒரே பக்கத் தாழ்வாரத்தில் பாய் விரித்து நெருங்கி உட்காருங்கள். சித்திரை வெயிலிலும் ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சியாக இருக்கும், முற்றத்து வெளிச்சம் ஐந்தரை மணி வரை தாளுக்குப் போதும்.

பக்கத்தைத் தயாரித்தல்

வீட்டில் படித்துவர 12 பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அமர்வில் எடுத்துக்கொள்வது அதிலிருந்து இரண்டே பக்கம். அந்த இரண்டையும் தனியாகத் தட்டச்சு செய்து, ஏ4 தாளில் வலப்பக்கம் 5 செ.மீ. வெற்றிடம் விட்டு, ஐந்து வரிக்கு ஒரு முறை வரி எண் போட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். வரி எண் இல்லாத தாளில் "அந்த நடுப்பகுதியில் ஒன்று சொல்வாரே" என்று தேடியே நேரம் போகும். எண் இருந்தால் "15ஆம் வரி" என்றதும் எட்டு விரல்களும் ஒரே இடத்துக்குப் போகும். பக்கத்தைக் கைப்பேசியில் அனுப்பினால் அமர்வில் யார் பக்கத்தைப் பார்க்கிறார், யார் வாட்ஸ்அப் பார்க்கிறார் என்று தெரியாது. தாள்தான் வேண்டும்.

ஆங்கிலப் பக்கம் என்றால் ஒரு கூடுதல் வேலை. தமிழ்த்துறை ஆசிரியர்கள் வாய் திறக்காமல் போவதற்கு ஆங்கிலம் தெரியாதது காரணம் அல்ல. ஆங்கிலத்தில் பேச வேண்டுமோ என்ற தயக்கம்தான். பக்கத்தின் சாரத்தை வாசிப்பவர் முதலில் தமிழில் மூன்று நிமிடம் சொல்லட்டும். பிறகு பக்கத்தின் மையமான ஒரு சொல்லைத் தமிழாக்கும் பொறுப்பைக் குழு எடுத்துக்கொள்ளட்டும். இது மொழிபெயர்ப்புப் பயிற்சி இல்லை, வாசிப்பின் உள்ளேயே நடப்பது. 'லேர்னிங் அவுட்கம்' என்பதைக் 'கற்றல் விளைவு' என்று ஒருவர் சொல்வார், 'கற்றல் அடைவு' என்று இன்னொருவர் சொல்வார். விளைவு என்றால் விதைத்தவரும் மண்ணும் மழையும் உள்ளே வருகின்றன, எதிர்பாராததும் விளையலாம். அடைவு என்றால் முன்பே குறித்த ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வது. எந்தச் சொல்லை ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்கிறார் என்பதிலேயே அவருடைய கற்பித்தல் கொள்கை பாதி தெரிந்துவிடும்.

ஏழு அமர்வுகள்

முதல் அமர்வு, எழுதுவது. எதையும் வாசிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் 25 நிமிடத்தில் ஒரு தாளில் எழுத வேண்டும்: "நான் எப்படிக் கற்பிக்கிறேன், ஏன் அப்படி?" சுமார் 200 சொல், தமிழில், கையெழுத்தில். உறையில் போட்டு ஒட்டி, மேலே பெயர் எழுதி, ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஏழாவது அமர்வு வரை யாரும் திறக்கக் கூடாது. வீட்டில் எழுதிவரச் சொன்னால் பழைய படிவத்திலிருந்து பெயர்த்து எழுதிவிடுவார்கள், அதனால்தான் அங்கேயே. மீதி நேரத்துக்கு நன்னூலின் அந்தச் சூத்திரங்களை வாசியுங்கள். தமிழாசிரியர் உரை சொல்லக் கூடாது. மற்றவர்கள் முட்டிமோதிப் பொருள் காண்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு இது கடினமான வேலை.

இரண்டாவது அமர்வுக்கு, கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டனும் சேல்யோவும் 1976இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இரண்டு பக்கம். மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு என்ன புரிந்தது, எப்படிப் படித்தார்கள் என்று கேட்டார்கள். சிலர் சொற்களை நினைவில் நிறுத்தப் பார்த்தார்கள். சிலர் ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள். புரிதலின் தரம் அந்த நோக்கத்தைப் பொறுத்தே அமைந்தது. எந்த வகைக் கேள்வி வரும் என்ற எதிர்பார்ப்பு, படிக்கும் முறையையே மாற்றுகிறது என்பதும் அவர்களுடைய ஆய்வில் தெரியவந்தது. "பையன்கள் மனப்பாடம்தான் செய்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டு இந்த அமர்வில் கட்டாயம் எழும். எழட்டும். காவலர் "எந்த வரி?" என்று கேட்டதும் அது கேள்வித்தாளைப் பற்றிய பேச்சாக மாறத் தொடங்கும்.

மூன்றாவது அமர்வு இந்த வட்டாரத்துக்கே உரியது, மிக நிதானமாக நடத்த வேண்டியது. பழைய நகரத்தார் கணக்கேட்டின் ஒரு பக்க நகல் வேண்டும்: பேரேடோ, வட்டிச் சிட்டையோ, ஐந்தொகையோ (இருப்புநிலைக் கணக்கு). குடும்பத்தாரின் அனுமதியோடு, பெயர்களை மறைத்து நகல் எடுங்கள். இந்தப் பக்கத்தின் சிறப்பு, பெரும்பாலும் குழுவில் ஒருவருக்கும் இதைச் சரளமாகப் படிக்கத் தெரியாது என்பதுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் முதலாண்டு மாணவர் ஆகிவிடுகிறார்கள்.

தடைகள் வரிசையாக வரும். பக்கத் தலையில் உள்ள 'உ' பிள்ளையார் சுழி. கணக்கு வரியில் அதே வடிவம் இரண்டு. 'அ' என்று தெரிவது எட்டு, 'க' என்று தெரிவது ஒன்று. ௨௱௫௰ என்பது 250 என்று ஒருவர் கண்டுபிடித்ததும் அறையே கலகலப்பாகும். அடுத்த வரியில் பின்னம் வந்து நிறுத்தும்: மா என்றால் 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. பற்று எது, வரவு எது என்பதில் வணிகவியல் ஆசிரியரே தடுமாறலாம். பின்ன வாய்பாடு அச்சிட்ட அரைப்பக்கத் தாள் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஆனால் 30 நிமிடம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். முதலிலேயே கொடுத்தால் இது அகராதிப் பயிற்சியாகிவிடும். கொடுக்காமலே விட்டால் எரிச்சலாகும். 30 நிமிடத்தில் குழுவே நான்கைந்து குறியீடுகளை ஊகித்திருக்கும், அதன்பின் கிடைக்கும் வாய்பாட்டை அவர்கள் பார்க்கும் பார்வையே வேறு. விளக்கத்தை எப்போது கொடுப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

திறந்த பேச்சில் இதைக் கேளுங்கள்: இந்தக் கணக்கை எழுதியவர் எப்படிக் கற்றார்? பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த கிட்டங்கிகளில் (வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்களில்) பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பெட்டி அருகிலேயே உட்கார்ந்து பார்த்து, எழுதி, திருத்து வாங்கி, அடுத்தாள் ஆகி, மேலாள் ஆனார்கள். பாடத்திட்டமும் விரிவுரையும் இல்லாத கல்வி அது. அதில் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன? கணினி ஆய்வகம் நடத்துபவருக்கும் மொழி கற்பிப்பவருக்கும் இந்தக் கேள்வி வெவ்வேறு இடத்தில் தைக்கும்.

நான்காவது அமர்வு, அறிவியல் பக்கம். பாம்பன் கடற்காற்றில் இரும்பு ஏன் விரைவில் துருப்பிடிக்கிறது என்பது போன்ற ஒன்றை இளங்கலைப் பாடநூலிலிருந்து எடுங்கள். வேதியியல் ஆசிரியர் இந்த முறை வாய்மூடி இருப்பார். பள்ளியில் ஆனோடை 'நேர்மின்முனை' என்று படித்தவர்களுக்கு ஓர் இடத்தில் பெரும் தடை வரும். அரிப்பு நடக்கும்போது ஆனோடு எதிர்மின் தன்மை உடையது. மின்னாற்பகுப்பில்தான் அது மின்கலத்தின் நேர்முனையோடு இணைகிறது. ஆனோடுக்கு 'நேர்' என்று பெயர் வைத்துவிட்ட சொல், மாணவரைத் தவறான பக்கம் கைபிடித்து அழைத்துப்போகிறது. இதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் தமிழாசிரியராக இருப்பார். தமிழ்வழியில் படித்துவந்த மாணவர்கள் ஏன் திரும்பத் திரும்ப அதே கணக்கில் குறியை மாற்றிப் போடுகிறார்கள் என்பது வேதியியல் ஆசிரியருக்கு அப்போது விளங்கும். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர், சொல்லை நம்பியவர்கள்.

ஐந்தாவது அமர்வில் மாணவர் விடைத்தாள். உள்மதிப்பீட்டுத் தேர்வின் தாள் மட்டும். பல்கலைக்கழகத் தேர்வுத் தாளைத் தொடக் கூடாது. மாணவரிடம் அனுமதி கேளுங்கள், பிறகு தட்டச்சு செய்யுங்கள், பிழைகளை அப்படியே வைத்து. கையெழுத்தை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள். பாதி மதிப்பெண் வாங்கிய விடையைத் தேர்ந்தெடுங்கள். முழு மதிப்பெண் விடையில் பேச ஒன்றும் இல்லை, மிகக் குறைந்த விடையில் பரிதாபம்தான் மிஞ்சும். கணக்கேட்டை வாசித்தது போலவே இதையும் வாசிக்க வேண்டும்: இவர் எந்தத் தர்க்கத்தில் இதை எழுதியிருப்பார்? மதிப்பெண் எவ்வளவு போடலாம் என்ற பேச்சு எழுந்தால் காவலர் நிறுத்த வேண்டும்.

ஆறாவது அமர்வுக்கு ஒவ்வொருவரும் தாம் கடைசியாகத் தயாரித்த கேள்வித்தாளைக் கொண்டுவரட்டும். ஏவல் வினைகளை மட்டும் வட்டமிட்டு எண்ணுங்கள்: விளக்குக, விவரிக்க, பட்டியலிடுக, வரையறு. வேறு வினை எத்தனை? ஒருவர் தாளை இன்னொரு துறைக்காரர் எண்ணினால் சங்கடம் குறையும். பிறகு ஒரே ஒரு 5 மதிப்பெண் கேள்வியை மாற்றி எழுதுங்கள். முழுத்தாளையும் மாற்றப் புறப்பட்டால் அது தேர்வுக்குழுவின் சுவரில் மோதி நின்றுவிடும்.

தடைச்சுற்று என்னும் முதுகெலும்பு

எல்லா அமர்விலும் 24 நிமிடம் இதற்குப் போகிறது, ஏனென்றால் மற்றதெல்லாம் இதைச் சார்ந்தவை. ஒருவருக்கு 3 நிமிடம். மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்த வரியில் நின்றேன்; நின்றபோது என்ன செய்தேன் (மேலே போய்த் திரும்பப் படித்தேனா, தாண்டிப் போனேனா, புரிந்ததாக வைத்துக்கொண்டேனா); எது என்னை நகர்த்தியது. கருத்து, பாராட்டு, எதிர்வாதம் எதுவும் இந்தச் சுற்றில் இல்லை. இடையில் யாரும் விளக்கம் கொடுக்கக் கூடாது.

விளக்கம் கொடுக்காமல் இருப்பது ஆசிரியர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை முதல் இரண்டு அமர்வுகளில் காண்பீர்கள். ஒருவர் "புரியவில்லை" என்று சொன்னதும் மூன்று பேர் முன்னால் சாய்வார்கள். கடிகாரக்காரர் கையை உயர்த்தி நிறுத்தட்டும். விளக்கத் துடிக்கும் அந்த உந்துதலை உணர்வதுதான் பலருக்கு இந்தப் பயிற்சியின் முதல் பலன். வகுப்பில் மாணவர் யோசித்து முடிக்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

"எனக்கு எல்லாம் புரிந்தது" என்று ஒருவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். மூன்றாவது அமர்வுக் கணக்கேடு அவரை அழைத்துவந்துவிடும்.

வகுப்புக்கு எடுத்துப்போவது

கடைசி 12 நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: அடுத்த இரண்டு வாரத்தில், எந்த வகுப்பில், எந்த மணியில், என்ன ஒன்றை மாற்றுவேன். "இன்னும் ஈடுபாட்டோடு நடத்துவேன்" செல்லாது. "இரண்டாமாண்டு, புதன் மூன்றாம் மணி, கடைசி 5 நிமிடம் தடைச்சீட்டு வாங்குவேன்" செல்லும்.

தடைச்சீட்டு என்பது கால் தாள். பெயர் எழுதாமல், இன்று எந்த இடத்தில் நின்றேன் என்று மாணவர் இரண்டு வரி எழுதிக் கொடுப்பது, தமிழிலோ ஆங்கிலத்திலோ. 60 சீட்டைப் படித்து ஒரே மாதிரியானவற்றைக் குவியலாகப் பிரிக்க 20 நிமிடம் ஆகும். நான்கைந்து குவியல் வரும். பெரிய குவியலுக்கு மட்டும் அடுத்த வகுப்பின் முதல் 7 நிமிடத்தைக் கொடுங்கள். முதல் முறை பாதிச் சீட்டில் "எல்லாம் புரிந்தது சார்" என்று இருக்கும். மாணவர்களுக்கு அது மரியாதை. "எல்லாம் புரிந்தது என்று எழுத வேண்டாம், இருப்பதிலேயே குறைவாகப் புரிந்த இடம் எது?" என்று கேள்வியை மாற்றினால் மூன்றாவது வாரத்தில் உண்மை வரத் தொடங்கும். வாங்கிவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் விட்டால் நான்காவது வாரத்தில் வெற்றுச் சீட்டு வரும்.

ஏழாவது அமர்வு: உறையைத் திறத்தல்

முதலில், பழைய உறையைத் திறக்காமலே, அதே கேள்விக்கு 25 நிமிடத்தில் புதிய தாள் எழுதுங்கள். பிறகு உறையைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

தமிழில் எழுதியதன் பயன் இங்கே தெரியும். நம் வினைமுற்றின் விகுதியே யார் செய்கிறார் என்பதைக் காட்டிவிடும். இரு தாளிலும் வினைமுற்றுகளுக்கு அடிக்கோடிட்டு, -ஏன் என்று முடிபவை எத்தனை, -ஆர்கள் என்று முடிபவை எத்தனை என்று எண்ணுங்கள். "நடத்துகிறேன், விளக்குகிறேன், முடிக்கிறேன், வலியுறுத்துகிறேன்" என்று ஒரு தாள் முழுதும் ஓடியிருந்தால் அந்த வகுப்பில் வேலை செய்வது ஒருவர்தான். இரண்டாவது தாளில் "கேட்கிறார்கள், நிற்கிறார்கள், திருத்துகிறார்கள்" வந்திருக்கிறதா?

இந்த எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடக் கூடாது. விகுதியை மாற்றி எழுதுவது எளிது. எனவே புதிய தாளின் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஒரு சான்று எழுத வேண்டும்: எந்த நாள், எந்த வகுப்பு, எந்தத் தடைச்சீட்டுக் குவியல், எந்தக் கேள்வி. சான்று இல்லாத வரியைக் கோடிட்டு அடித்துவிடுங்கள். 200 சொல் தாள் 60 சொல்லாகச் சுருங்கினாலும் பரவாயில்லை. "மாணவர் மையக் கல்வியில் நம்பிக்கை உடையவன்" என்ற வரி அடிபட்டுப் போய், "புதிய கருத்தைச் சொல்லும் முன் பத்து நிமிடம் அவர்களை அதனோடு தனியாக விடுகிறேன், கணக்கேடு வாசித்த வாரத்திலிருந்து இப்படிச் செய்கிறேன், முதலாண்டு வகுப்பில் கேள்விகள் கூடியிருக்கின்றன, மூன்றாமாண்டில் இல்லை" என்ற வரி நிற்கும். அந்த "இல்லை"யையும் சேர்த்து எழுதத் துணிந்தவருக்குக் கொள்கை உண்மையாகவே இடம்பெயர்ந்திருக்கிறது.

மாறாதவர்களும் இருப்பார்கள். விரிவுரையில் உறுதியாக நம்பிக்கை வைத்திருந்தவர் ஏழு அமர்வுக்குப் பிறகும் அங்கேயே நிற்கலாம், ஆனால் ஏன் நிற்கிறார் என்பதற்கு இப்போது அவரிடம் நான்கு சான்று இருக்கும். அதுவும் மாற்றம்தான். குழு அவரைத் திருத்த முயலக் கூடாது.

எங்கே கெடும், ஏன்

பெரும்பாலான குழுக்கள் பட்டிமன்றமாக மாறித்தான் கெடுகின்றன. இந்த மண்ணில் வளர்ந்த கலை அது, நம் ஆசிரியர்கள் பலர் அதில் தேர்ந்தவர்கள். ஆனால் பட்டிமன்றத்தில் அணி உண்டு, தீர்ப்பு உண்டு, கைதட்டல் உண்டு. அணி சேர்ந்த பிறகு யாரும் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல மாட்டார். "அப்படியானால் சுருக்கமாக எது சரி?" என்று யாராவது கேட்கும் நேரத்தில் ஆபத்து வந்துவிட்டது என்று அறிந்து, தாளில் ஒரு வரிக்குத் திரும்புங்கள்.

அடுத்தது தொடக்க விழா. குத்துவிளக்கு, பொன்னாடை, பதாகை, நிழற்படம் என்று ஆரம்பித்தால் அடுத்த அமர்வுக்கும் யாரையாவது அழைக்க வேண்டும். சான்றிதழும் கொடுக்காதீர்கள். பதவி உயர்வுப் புள்ளிக்காக வருபவர் வந்து உட்காருவார், தடுக்கி விழமாட்டார்.

தாள்கள் நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது. முதல் தாளையும் இறுதித் தாளையும் மதிப்பீட்டுக் குழு கேட்டால், குறிப்பெடுப்பவரின் பெயரில்லாக் குறிப்பை மட்டும் கொடுங்கள். ஒருமுறை ஒரு தாள் வெளியே போனால் அடுத்த பருவத்தில் எல்லாரும் படிவ மொழியில்தான் எழுதுவார்கள்.

படிக்காமல் வருவது பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 12 நிமிட மௌன வாசிப்பு அதற்காகத்தான் இருக்கிறது. "படிக்கவில்லை, மன்னியுங்கள்" என்ற பேச்சையே எடுக்க விடாதீர்கள். குற்ற உணர்வோடு இருப்பவர் அடுத்த முறை வரமாட்டார். இருவர் மட்டும் வந்த நாளிலும் அமர்வை ரத்து செய்யாதீர்கள். இரண்டு பேரும் ஒரு பக்கமும் போதும், முடிந்ததும் குறிப்பை மற்றவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

பருவம் முடிந்தபின் குழுவை அப்படியே தொடராதீர்கள். எட்டுப் பேர் இரண்டு நான்காகப் பிரிந்து, ஒவ்வொரு நான்கும் புதிதாக மூவரைச் சேர்த்துக்கொள்ளட்டும். ஏழு அமர்வுகளில் மூன்றாவதன் பக்கத்தை மட்டும் மாற்றுங்கள், ஒருமுறை படித்த கணக்கேட்டுப் பக்கம் பழையவர்களை மீண்டும் தடுக்காது. வேறு வீட்டில், வேறு கையெழுத்தில் இன்னொரு சிட்டைக்கு இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். பெட்டகத்தைத் திறக்க வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கும்.